முதல் வரியைப் பார்க்காமல் நான் போட்ட கையெழுத்து

மக்கா,

நேற்று மத்தியானம் போனில் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். "அம்மா, கல்யாணம் கழியட்டும். அதுக்குப் பொறவு நீங்க யாருக்கு என்னத்த எழுதினாலும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். மூணு வாரம் பொறுத்துக்கிடக் கூடாதா?" என்றாய். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பும் இல்லை ஒன்றும் இல்லை. நேற்று சமையல் உன் அப்பா, அவர் பதினொரு மணிக்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனில் உன்னோடு வாதாடினால் நீ குரலைத் தணித்துத் தணித்து என்னைக் கரைத்துவிடுவாய். காய்ச்சல் வந்த பிள்ளையைப் போல நீ பேச ஆரம்பித்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எழுத்தில் அந்த வித்தை பலிக்காது என்பதால் எழுதுகிறேன். கடைசிவரை குறுக்கிடாமல் படி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுக்க மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம். இதன் ஒரு பிரதி செல்வினுக்கும் போகிறது. அவர் அதை யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். கடைச் சுவரில் ஒட்டினாலும் சரிதான். அதனால் உனக்குத் தெரிந்ததையும் இதில் எழுதுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் நான் செய்தது என்னவென்று விளங்க வேண்டும்.

கருங்கலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இருபத்திரண்டு வருஷம் பஸ் ஏறி வேலைக்குப் போனவள் நான்; கொஞ்ச காலமாக வீட்டிலிருந்தே வேலை. இப்போது நீ வேலை பார்க்கிற அதே கம்பெனி. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் பொருத்துகிற ஒரு பெட்டியை அங்கே செய்கிறோம். சேட்டிலைட் வழியாகக் காற்று, மழை எச்சரிக்கை அதில் வரும். ஆபத்து என்றால் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தலாம், கரைக்குச் செய்தி போகும். அந்தப் பெட்டிக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து, மெமரியைப் பங்கு வைத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது கர்னல். மற்ற நிரல் ஒன்று விழுந்தால் அது மட்டும் விழும். கர்னல் விழுந்தால் பெட்டியே விழுந்து, மறுபடி முதலிலிருந்து எழும்ப வேண்டும். விழுகிற அந்த நொடியில், ஏன் விழுந்தேன் என்று ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு அது விழும். அதற்குப் பெயர் கிராஷ் பதிவு. என் வேலை அந்தப் பதிவு. அதை எழுதுகிற நிரலும் என்னுடையது, பிறகு கரையில் வைத்து அதை வாசித்துக் காட்டுகிற கருவியும் என்னுடையது. ஆபீசில் எனக்குச் 'சாவு வீட்டு இன்ஜினியர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டி உயிரோடு இருக்கிறவரை என்னை யாரும் தேட மாட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு, "வாங்க, எல்லாருக்கும் ஒருநாள் என்னட்டதான் வரணும்" என்பேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி நடுக்கடலில் வைத்துத் திரும்பத் திரும்ப விழுந்தது. படகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குத் திரும்பியபோது பெட்டியைக் கழற்றி எடுக்க நானே போனேன். படகை ஓட்டுகிறவர் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார்: "மேடம், இது கடலுல செத்துச் செத்து எழும்புது கேட்டியளா. காத்து எரையும்போ நாங்க இதப் பாத்துட்டு நிக்கியோம், இது கண்ண மூடிட்டுக் கெடக்கு. அதுக்கு இது இல்லாம இருந்தாலே கொள்ளாம்." எனக்குச் சுரீரென்றது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, பெட்டியை ஒரு சாக்கில் சுற்றி, நனையாமல் கொண்டுபோகச் சொல்லித் தந்தார்.

ஆபீசுக்கு வந்து என் கருவியில் போட்டு வாசித்தேன். பதிவு பளிச்சென்று இருந்தது. சேட்டிலைட் கருவியோடு பேசுகிற நிரலில், இன்ன இடத்தில், மெமரியின் எல்லையைத் தாண்டிக் கை வைத்ததால் கர்னல் விழுந்தது என்று சொல்லியது. அந்த நிரலை எழுதியவன் செல்வின். களியக்காவிளைக்காரன், அப்போது இருபத்தாறு வயது. நான் கருங்கலிலிருந்து போய்க் களியக்காவிளையில் வண்டி மாறுவேன். அவன் எனக்கு முன்னாலேயே கேரளா பஸ்ஸில் ஏறி, கைக்குட்டையை விரித்து எனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருப்பான். மூன்று வருஷம் அப்படிப் போனோம். உனக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் மண்டையில் ஏறவில்லை என்று நான் புலம்பியதை எல்லாம் கேட்டவன் அவன். உனக்காக ஒரு நோட்டு முழுக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தனுப்பினான். நீ அதை மறந்திருக்கலாம். அந்த நோட்டில்தான் நீ தேறினாய், முடிவு வந்ததை அவனிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

மேலாளர் கூட்டம் போட்டார். செல்வின் பதிவைத் திரையில் பார்த்தான். முகம் சுருங்கியது. "எக்கா, இது நான் ஈஸ்டருக்கு முன்னாலயே திருத்தினதாக்கும். டெஸ்ட் மேசையில வச்சு விழுந்துதே, ஓர்மை இருக்கா? திருத்தின பொறவுதான் இந்தப் பெட்டி படகுக்குப் போச்சு. பதிவோட முழு வடிவத்தையும் ஒருக்கா காட்டுங்க. மேல இருந்து, முதல் வரியில இருந்து" என்றான். அந்த முதல் வரியில் மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடும்போது பெட்டி விழுந்தது என்று இருக்கும். திரையில் இடம் போதவில்லை என்று கருவியை எழுதும்போது அதைக் காட்டாமல் விட்டிருந்தேன். முழுவதையும் எடுத்துக் காட்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மேலாளர் வாட்சைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன், எனக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் சொன்னேன்: "செல்வின், ஆளு பொய் சொல்லலாம். பதிவு பொய் சொல்லாது." அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது, மக்கா. என் பதிவை நான் அப்படி நம்பினேன்.

அன்றே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழை திருத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டது, ஆனால் திருத்தப்படவில்லை என்று எழுதினேன். பெயரைப் போட்டேன். கம்பெனியில் எல்லோருக்கும் போகிற மெயில் பட்டியலுக்கு அனுப்பினேன். பிழை செய்ததைவிட, திருத்தினேன் என்று பொய் சொன்னதுதான் குற்றம் என்று அடுத்த வாரமே செல்வினைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மெயில் எப்படியோ பெண் வீட்டுக்குப் போனது. வேலை போனதை அவர்கள் பொறுத்திருப்பார்கள். பொய் சொல்லி வேலை போன பையன் என்பதைப் பொறுக்கவில்லை. சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பை இரண்டு ஞாயிறு வாசித்து, மூன்றாவது ஞாயிறு வாசிக்காமல் விட்டார்கள்; கல்யாணம் நின்றுபோனது. ஒருவர் பெயரை இரண்டு தடவை உரக்க வாசித்துவிட்டு மூன்றாம் தடவை வாசிக்காமல் விட்டால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செல்வினின் அம்மா அதன்பிறகு ஒரு வருஷம் சபைக் கோவிலுக்கே போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

உனக்கு ஓர்மை இருக்கிறதா, நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது உன் பையிலிருந்து டீச்சர் எழுதிய ஒரு சீட்டு விழுந்தது? வகுப்பில் பேசுகிறான், பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான் என்று இருந்தது. நான் வந்த அசதியில் உன்னைப் பளாரென்று அறைந்தேன். நீ அழாமல், "தேதியப் பாருங்க" என்றாய். போன பருவத்துச் சீட்டு அது. அதற்கு நீ அப்போதே அடி வாங்கி முடித்திருந்தாய். பையைத்தான் நீ ஒருநாளும் துப்புரவாக்க மாட்டாயே, அதனால் அடியில் கிடந்தது. பழைய சீட்டுக்குப் புது அடி. உன்னிடம் நான் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. பையைச் சுத்தமாக வைக்காததற்கு அந்த அடி இருக்கட்டும் என்று சமாளித்தேன். அப்படிச் சமாளித்தவள்தான் பிற்பாடு அந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தாள்.

செல்வின் போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டிகள் அதற்குப் பிறகும் கடலில் விழுந்தன. சில பெட்டிகள் ஒரு பதிவும் இல்லாமல் வந்தன. செத்தது தெரிகிறது, ஏன் என்று ஒரு எழுத்து இல்லை. அப்போதுதான் என் நிரலையே நான் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பதிவு எழுதுகிற நிரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது? விழுகிற அதே கர்னலுக்குள். எந்த மெமரியை நம்புகிறது? கெட்டுப்போன அதே மெமரியை. ஏதோ ஒரு நிரல் தன் எல்லையைத் தாண்டி அடுத்தவன் இடத்தில் குப்பையைக் கொட்டிவிட்டது என்று வை. கர்னல் வைத்திருக்கிற பட்டியல்களும் முகவரிகளும் சிதைந்துவிட்டன. அந்த நேரத்தில் என் நிரல் எழுந்து, அந்தப் பட்டியலையே திறந்து, அதில் இருக்கிற முகவரிக்கே போய், பூட்டைத் திற என்று கேட்கிறது. வீடு எரியும்போது தீயணைப்பு நிலையத்தின் நம்பரை எரிகிற அலமாரிக்குள் தேடுகிற வேலை. தேடப் போனவனும் உள்ளேயே கருகிப்போவான். நான் எழுதியிருந்தது அப்படிப்பட்ட நிரல். அதை வைத்துக்கொண்டுதான் பதிவு பொய் சொல்லாது என்று சொன்னேன்.

நான்கு வருஷம் அதை அடியோடு மாற்றி எழுதினேன். பெட்டி எழும்பும்போதே, எல்லாம் நல்லபடியாக இருக்கிற நேரத்தில், கொஞ்சம் மெமரியைத் தனியாக ஒதுக்கி, வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்தேன். பதிவு எழுதுகிற நிரல் அங்கேதான் இருக்கும். விழுந்த பிறகு அது யாரிடமும் மெமரி கேட்காது, யார் பூட்டுக்கும் காத்திருக்காது. கர்னலின் பட்டியலைப் பார்த்தாலும், ஒவ்வொரு முகவரியும் இருக்க வேண்டிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கும். பட்டியல் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தால், இத்தனை அடிக்கு மேல் போகாதே என்று ஒரு வரம்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய பதிவின் மேல் 'இது பழையது' என்று குறி வைத்து, 'நான் விழுந்துகொண்டிருக்கிறேன், இது இத்தனையாவது தடவை' என்று ஒரு வரி எழுதிவிடும். அதன் பிறகு செத்தாலும் அந்த ஒரு வரி மிஞ்சும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண், ஒரு துண்டு கெட்டாலும் மற்றது பிழைக்கும். இதற்கும் மேல், என் நிரலே மாட்டிக்கொண்டு நின்றால் பெட்டியைத் தட்டி எழுப்ப ஒரு கடிகாரம், ஏனென்றால் காரணம் தெரிவதைவிடப் படகுக்காரருக்குப் பெட்டி எழும்புவது முக்கியம்.

இதைச் செய்ய விட்டார்களா என்று கேள். மெமரி வீணாகிறது என்றார்கள். கெட்டதற்கப்புறம் பார்ப்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சாவு வீட்டு இன்ஜினியர் இப்போது சவப்பெட்டிக்குப் பாலிஷ் போடுகிறாள் என்று ஒருவன் சொன்னது என் காதுக்கே வந்தது. நான் அசரவில்லை. கெடாத மெமரியை எவனாவது செய்து கொண்டுவரட்டும், அன்றைக்கு நான் வீட்டில் இருந்து மரச்சீனிக் கிழங்கு நட்டுக்கொள்கிறேன் என்று கூட்டத்திலேயே சொன்னேன். மூன்று தடவை என் நிரலைத் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தடவை, நல்ல பெட்டி ஒன்றின் மெமரியை அவர்கள் கண் முன்னாலேயே கண்டபடி கெடுத்துவிட்டு, பதிவு முழுசாக வருவதைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு சேர்த்தார்கள்.

புது நிரலோடு கடலுக்குப் போன பெட்டிகளில் ஒன்று விழுந்தது, நேர்மையான பதிவோடு வந்தது. அது கை காட்டிய இடம் என்னுடையது. செய்திகளைக் கோர்த்து ஒரு வரியாக்குகிற ஒரு சின்ன நிரல், பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. நீளமான எச்சரிக்கை வந்தால் இடம் போதாமல் பக்கத்து மெமரியில் வழிந்துவிடும். காற்றும் மழையும் இருக்கிற நேரத்தில்தானே நீளமான எச்சரிக்கை வரும்! அன்றே மேலாளரிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் "பரவாயில்ல மேடம், யாருக்கும் வரதுதான்" என்றார். என்னைப் பற்றி ஒரு மெயிலும் போகவில்லை, என் பெயரும் போகவில்லை, வேலையும் போகவில்லை. அந்தப் 'பரவாயில்ல' என்ற வார்த்தை செல்வினுக்குக் கிடைக்கவில்லையே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நிம்மதியாகச் சாயா குடிக்கப் போனேன்.

போன மாதம்தான் உறைத்தது. இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. போகும் முன் வாசிக்கும் கருவியையும் புதிதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். புதுக் கருவி முதல் வேலையாக, இந்தப் பதிவு இந்தப் பெட்டியில் இப்போது இருக்கிற மென்பொருள் எழுதியதுதானா என்று பார்க்கும். இல்லையென்றால் வாசிக்க மறுக்கும். சோதித்துப் பார்க்க, பத்திரமாக வைத்திருந்த பழைய பெட்டிகளின் நகல்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். செல்வின் வேலையைப் பறித்த அந்தப் பெட்டியின் நகலைப் போட்டதும் வாசிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. முதல் வரியைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் இருந்தது செல்வின் திருத்திய பிறகு ஏற்றிய மென்பொருள். பதிவை எழுதியது அவன் திருத்துவதற்கு முந்தியது. டெஸ்ட் மேசையில் வைத்து விழுந்தபோது எழுதிய பழைய பதிவு அது. புது மென்பொருள் ஏற்றும்போதும் அந்த மூலை அழியாது. சாட்சி அழியக்கூடாது என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். கடலில் வைத்து விழுந்தபோது என் நிரல் எழுந்து நிற்கவே முடியாமல் விழுந்திருக்கிறது. ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதவில்லை. பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் செல்வினை அடித்திருக்கிறேன். அவன் திருத்தினேன் என்று சொன்னது சத்தியம். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து பார்த்து, பிரஷர் மாத்திரை போட்டியா என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

கடலில் உண்மையில் எது அந்தப் பெட்டியைக் கெடுத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் வழிகிற நிரல் அன்றும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதுதான் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. என்னைக் கேட்டால் அதுதான்.

உங்கள் தொழில்நுட்பத் தலைவர்தானே அன்றைக்கு எங்கள் மேலாளர்? அறிக்கையை அனுப்பும் முன் முந்தாநாள் அவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். "மேடம், ஒம்பது வருஷத்துக்கு முன்னால உள்ளத இப்பக் கிளறி என்னத்துக்கு? அந்தப் பையனுக்குத் தனியா ஒரு வார்த்த சொல்லிருங்க. பட்டியலுக்கு மட்டும் அனுப்பண்டாம். மவன் கல்யாணத்துக்கு நான் வாறேன், நேருல பேசுவோம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் உன்னை ஏன் இழுத்தார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நான் தலை நரைத்தவள். மிரட்டலைச் சர்க்கரையில் புரட்டிக் கொடுத்தாலும் ருசி தெரியும். மறுநாள் நீ போன் செய்தாய். அவர் சொல்லித்தான் செய்தாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

அதற்கும் முன்னால், போன சனிக்கிழமை, உன் கல்யாணப் பத்திரிகையையும், முதல் வரியோடு சேர்த்து அச்சடித்த அந்தப் பதிவையும் எடுத்துக்கொண்டு களியக்காவிளைக்குப் போனேன். பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, செல்வினுக்கு ஒரு கடை. போன் ரிப்பேர் பார்க்கிறார், வீடுகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கிறார். முடி முன்னால் கொட்டிவிட்டது. இனி அவரை அவன் இவன் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காகிதத்தைக் கொடுத்தேன். மேலிருந்து படித்தார். முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது.

"எக்கா, முதல் வரியக் காட்டுங்கன்னு நான் அண்ணைக்கே பறஞ்சேன்."

"பறஞ்ச."

"நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறஞ்சிய."

"ஆமா."

அவர் காகிதத்தை மடித்தார், திரும்ப விரித்தார். மன்னிப்புக் கேட்டேன். கை கூப்பித்தான் கேட்டேன், கடைக்கு வந்திருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிப்பு கெடக்கட்டும் எக்கா. அத வச்சு நான் என்ன செய்ய? அண்ணைக்கு எத்தன பேருக்கு மெயிலு போச்சோ அத்தன பேருக்கும் போவணும். வேலைய விட்டுப் போனவனுக்கும் போவணும். பேரு போட்டுப் போவணும். எனக்கு ரெண்டு பிள்ளையள். பெரியவ ஒண்ணாங் கிளாஸுலயே கம்ப்யூட்டர் படிக்கணும்னு சொல்லுகா. நாளைக்கு எவனாவது அவளிட்ட, உங்கப்பன் பொய் சொல்லி வேல போனவன்னு சொல்லப்பிடாது" என்றார். சரி என்றேன். பிறகு, "உங்க மவன் இப்ப அங்கதானே? அந்தப் பட்டியலுல அவனும் உண்டும் இல்லியா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சாயா வாங்கித் தந்தார். பத்திரிகையை வாங்கி, உன் பெயரைப் படித்து, "இயற்பியல் தேறினானா?" என்று கேட்டார்.

இப்போது நீ சொன்ன மூன்று வாரத்துக்கு வருகிறேன். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. மாதம் முடிந்தால் என் ஆபீஸ் மெயிலை அடைத்துவிடுவார்கள்; அந்தப் பட்டியலுக்கு என்னால் ஒரு எழுத்து அனுப்ப முடியாது. உன் கல்யாணம் அதற்குப் பிறகு. இந்தக் கணக்கு உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் சொன்னாய் என்றால், அந்த மூன்று வாரம் என்பது ஒருநாளும் வேண்டாம் என்பதற்கு நீ போட்ட நல்ல சட்டை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மக்கா, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீ பயப்படுகிறாய் என்பதும் தெரிகிறது. பதவி உயர்வு வருகிற நேரம், புதுக் குடித்தனம், மேலே இருக்கிறவர் முகம் கோணக் கூடாது. நானும் நாலரை பஸ்ஸுக்குப் பயந்தவள்தானே. இரண்டு நிமிஷம் பொறுக்காத நான், இப்போது மூன்று வாரம் பொறுக்க மாட்டேன் என்கிறேன் என்று நீ குத்திக் காட்டலாம். காட்டு. அது நியாயமான குத்து. அதற்காக நான் நிறுத்தப் போவதில்லை.

புத்திமதி என்று ஒன்றாவது இல்லாமல் அம்மா கடிதம் எழுதினாள் என்று இருக்கக் கூடாது. நீ இனிமேல் ஆட்களுக்கு மேலே உட்காரப் போகிறாய். உன் முன்னால் பதிவும் அறிக்கையும் வரும், ஆளும் வந்து நிற்பான். ஆள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பதிவை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், எழுதும்போது அவர்களுக்குத் தன்னறிவு இருந்ததா என்று பார். வீட்டிலும் அப்படியே செய். உன் மனைவி தேதியைப் பாருங்கள் என்று சொன்னால் பார். என் நிரலில் இதை எல்லாம் நான் ஒழுங்காக எழுதிவிட்டேன். எனக்கு அது நேரத்துக்கு வரவில்லை.

உன் தலைவர் கல்யாணத்துக்கு வந்தால் வரட்டும், வாசலில் நின்று கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன். செல்வினும் குடும்பமும் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அவர் கை கொடுக்கட்டும். முடியாது என்று வராமல் இருந்தால் ஒரு பிரியாணி மிச்சம், அவ்வளவுதான்.

இனி நீ போன் செய்து தடுக்க முடியாது. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது அறிக்கையை அனுப்பிய பிறகு. இன்று காலை பத்து மணிக்கு, அன்றைக்குப் போன அதே முகவரியிலிருந்து, அதே பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். வேலையை விட்டுப் போனவர்களின் சொந்த முகவரிகளையும் ஒரு வாரமாகத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தேன். செல்வின் சொன்னது உண்மை, அவர் பிழையைத் திருத்தியிருந்தார், பொய்யான அறிக்கை என்னுடையது என்று மூன்றே வரி; கீழே அந்த முதல் வரி; அதற்குக் கீழே என் பெயர். உன் அப்பா பின்னால் நின்று, "போயிட்டா?" என்று கேட்டார். போயிற்று என்றேன். அவர் போய் வாசல் தெளித்தார், அந்த வேளையில் அதற்கு ஒரு அவசியமும் இல்லை.

மத்தியானத்துக்குள் ஏழு பதில் வந்துவிட்டது. உன் தலைவர் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார், கூப்பிடவில்லை. இரண்டு பேர் நல்ல காரியம் என்று எனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்கள், எல்லோருக்கும் எழுதத் தைரியம் இல்லை. ஒருவர், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர், எல்லோருக்குமாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'மன்னிக்கவும், யார் இந்தச் செல்வின்?' படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆளையே மறந்துபோனவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று நீ கேட்கலாம். அவர்கள் மறக்கலாம். களியக்காவிளையில் ஒருவருக்கு ஒன்பது வருஷமாக ஓர்மை இருக்கிறது. யார் செல்வின் என்று அவருக்கும் எல்லோருக்குமாகப் பதில் எழுதிவிட்டேன். என் வீட்டுப் பிள்ளைக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர் என்பதையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

இப்போது மணி நாலு. பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, உனக்கும் போயிருக்கும், நீ படித்திருப்பாய். நீ எல்லோருக்குமாகப் பதில் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதாவிட்டாலும் உன் கல்யாணத்துக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பேன், உன்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பேன், ஒரு சொல் கேட்க மாட்டேன். ஆனால் காத்திருக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், மக்கா. இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போதே நாலைந்து தடவை எழுந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் பதில் இன்னும் வரவில்லை.

அம்மா
கருங்கல்